வேப்பிலைத் தண்ணீர்

9.1.2024
விளக்கமறியல், திருகோணமலை

தேனு,

இந்தக் கடிதத்தை உனக்கு முதல் ஜெயிலர் வாசிப்பார். வாசிக்கட்டும். என் போன் பொலிசில் இருக்கிறது. அதனால் பள்ளிக்கூடம் விட்டபிறகு முதல் தரமாக ஒரு முழுப் பக்கம் எழுதப் பேனை பிடிக்கிறேன். எழுத்துப் பிழை கண்டால் சிரிக்காதே. சிரிக்கிற நிலைமையில் நீயும் இருக்கமாட்டாய்.

பிள்ளை சுகி எப்படி இருக்கிறான்? தம்பி சசிகரன் சாப்பாட்டுப் பார்சலோடு வந்தவன். கேட்டால் "இருக்கிறான் அண்ணா" என்கிறான். அது என்ன பதில்? நீ எழுதி அவனிடம் கொடுத்துவிடு.

வெள்ளிக்கிழமை இரவே பிள்ளையை வார்ட்டில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை அந்த டொக்டர் "பிள்ளையைக் குளிப்பாட்டினது ஆர்?" என்று கேட்டார். திரும்பி என்னைப் பார்த்தாய். ஓம், நான்தான் குளிப்பாட்டினனான். ஆனால் பொலிஸ்காரர் என் கையைப் பிடிக்கும்போது, "அவர் அப்படிச் செய்யமாட்டார்" என்று ஒரு சொல் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டே நின்றனான். பெற்ற பிள்ளையைக் கொதிதண்ணிக்குள் இறக்கினேனாம். ஒரு வயதுப் பிள்ளையை!

வாயைச் சுற்றிச் சிவந்து, பிறகு பின்பக்கமும் கைகாலும் கொப்புளித்தபோது "அம்மாள் வந்திருக்கிறா" என்று சொன்னது நீ. வாசலில் வேப்பிலை கட்டினதும் நீ. மீன், முட்டை எல்லாவற்றையும் நிப்பாட்டி வெறும் கஞ்சி கொடுத்தது நாங்கள் இரண்டு பேரும். கொப்புளம் காய்கிற மாதிரி இருக்கு, வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணி வாருங்கோ என்று சொல்லிவிட்டு ஒபீசுக்குப் போனதும் நீதான். அந்தத் தண்ணியை அடுப்பில் ஏற்றக் கூடாது என்று சாம்பல்தீவில் பிறந்த எனக்குத் தெரியாதா? வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்தில் வெயிலில் வைத்துத்தான் வார்த்தனான். பொலிசில் சொன்னேன். "வெயிலில வைச்ச தண்ணியில தோல் கழருமோ?" என்று சிரித்தார்கள்.

பிள்ளை எப்படி என்று முதல் வரியிலேயே எழுது.

லதீசன்


11.1.2024
வார்ட்

மச்சான்,

பிள்ளைக்குச் சேலைன் ஏறுகிறது. வயிற்றோட்டம் நிற்கவில்லை. தூக்கினாலும் அழுகிறான், கிடத்தினாலும் அழுகிறான். முன்னம் என் சங்கிலியைப் பிடித்து இழுப்பானே, இப்போது கண்ணைத் திறந்துகூடப் பார்க்கிறான் இல்லை. முதல் வரியில் எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன்.

நான் உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்று நினைக்கிறீர்கள். நான் பொய் சொல்லவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து துவாயை விலக்கினபோது என்ன கண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குசினிக்குள் அடுப்படியில் நின்றீர்கள். இரண்டு காலும், கையும், இருக்கிற இடமும் தோல் கழன்று பச்சை இறைச்சியாக இருந்தன. விளிம்பு கோடு போட்டதுபோல் இருந்தது. ஒரு சட்டிக்குள் பிள்ளையை அமத்தி எடுத்தால் எதுவரைக்கும் தண்ணீர் நிற்குமோ அதுவரைக்கும். காலையில் நான் போகும்போது அப்படி இருக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், ஜெயிலர் வாசித்தாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை நான் குடை பிடித்துக்கொண்டுதான் பஸ்சுக்குப் போனேன். ஒபீசடியில், ஓர்ஸ் ஹில்லில் இறங்கும்போதும் மழை. நீங்கள் எந்த வெயிலில் தண்ணீர் வைத்தீர்கள்?

போன வருசம் வலை அறுந்துபோன அன்று தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தீர்கள். கொதிக்கக் கொதிக்க. பிள்ளை அப்போது என் மடியில் இருந்தவன். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் டொக்டர் கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. என்ன செய்ய?

தேனுகா


13.1.2024

தேனு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பக்கத்தில் இருக்கிறவர் "வீட்டில ஆரும் செத்துப் போச்சினமோ தம்பி?" என்று கேட்டார்.

காலையில் மழைதான். பதினொரு மணிக்குப் பிறகு வெளித்தது. நீ ஏசி அறைக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருக்கிறவள், உனக்கு எங்கே தெரியப்போகிறது? பக்கத்து வீட்டு குணேஸ்வரி அக்கா கொடியில் உடுப்புப் போட்டவ, அவவைக் கேள். மழைக்காலத்து வெயில் என்றபடியால் தண்ணீர் இளஞ்சூடுகூட வரவில்லை. பிள்ளை குளிர்ந்துபோவான் என்றுதான் நான் பயந்தனான். வார்க்க வார்க்க அந்தப் பொருக்கெல்லாம் ஊறிக் கழன்றது. துவாயால் சுற்றி வைத்துக்கொண்டு நீ வருமட்டும் இருந்தனான். நீ துவாயை விலக்கும்போது பார்க்க ஏலாமல்தான் குசினிக்குள் போனனான்.

கோப்பை உண்மை. சுவரில் அடித்தேன். உன் மீதோ பிள்ளை மீதோ அடிக்கவில்லை. அதற்கும் இதற்கும் நீ முடிச்சுப் போடுவாய் என்றால் நான் வேறு என்ன சொல்ல? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இப்போது முக்கியமான கதை. 22ஆம் தேதி திங்கட்கிழமை திரும்பவும் நீதவான் முன்னால் கொண்டுபோவார்கள். இங்கே ஒருவர் சொல்கிறார், "தெரியாமல் நடந்துபோச்சு, தண்ணி சூடெண்டு கவனிக்கேல்ல" என்று வாக்குமூலம் கொடுத்தால் சின்னத் தண்டனையோடு விடுவார்களாம். இல்லையென்று நின்றால் வழக்கு வருசக்கணக்கில் இழுக்குமாம், அதுவரைக்கும் பிள்ளைக்குக் கிட்ட விடமாட்டார்களாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை ஏற்றுக்கொண்டால் பிள்ளையைப் பார்க்கலாம் என்றால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நீ என்ன சொல்கிறாய்? நீ என்னை நம்பினால் நான் இல்லையென்று நிற்பேன். நம்பாவிட்டால் நான் யாருக்காக நிற்க?

லதீசன்


16.1.2024

மச்சான்,

ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீர்கள். இதை வாசித்தவுடன் சசிகரனிடம் "ஓம், வைக்கமாட்டேன்" என்று சொல்லி விடுங்கள். அவன் என்னிடம் வந்து சொல்லும்வரைக்கும் எனக்கு நித்திரை வராது.

பிள்ளையின் கைவிரல்களில் நகத்தைச் சுற்றிப் புதிதாகச் சிவந்து வீங்கியிருக்கிறது. காதுக்குப் பின்னால் ஒன்று. கண் ஓரத்தில் ஒன்று. இங்கே ஒருவரும் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கவில்லை. ஈரப் பஞ்சால் துடைப்பதோடு சரி. நேற்றுப் பொங்கல், ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரு கரண்டி பொங்கல் தந்தார்கள். நான் பிள்ளையின் தலையைத் தடவினேன். கை நிறைய மயிர் வந்தது. கத்திவிட்டேன். தாதி ஓடி வந்தா.

இன்றைக்குத் தோல் டொக்டர் ஒருவர் வந்தா. டொக்டர் ஸல்ஹா, மூதூர் ஆள். பிள்ளையைப் பார்க்க முதல் என்னைத்தான் பார்த்தா.

"தாய்ப்பால் எப்ப நிப்பாட்டினீங்க?"

"வேலைக்குத் திரும்பப் போகேக்க, டொக்டர். வேப்பெண்ணெய் பூசி மறக்கடிச்சனான்."

"அதுக்குப் பிறகுதானே இது துவங்கின?"

நான் யோசித்தேன். ஓம் மச்சான், அதற்குப் பிறகுதான். வாயைச் சுற்றி முதல் சிவந்தது மாப்பால் துவங்கிச் சில கிழமைக்குள். நான் மாப்பால் ஒவ்வாமை என்று நினைத்தேன், பிறகு அம்மாள் என்று நினைத்தேன்.

"நீங்களும் ஹஸ்பண்டும் சொந்தமா?"

"அவர் என்ர மாமான்ர மகன்." உங்கள் அப்பாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள் என்று விளங்கப்படுத்தினேன். அவ தலையாட்டிக்கொண்டு பிள்ளையின் வாயைப் பார்த்தா, பிறகு கால், பிறகு நகம். மேலுதடு மட்டும் தப்பியிருப்பதைத் தொட்டுக் காட்டினா. சுடுதண்ணி பட்டால் நகக்கண் இப்படி வீங்காதாம், மயிர் கொட்டாதாம், வயிற்றாலும் போகாதாம்.

நாகம் என்று ஒரு சத்து இருக்கிறதாம், சிங்க் என்றுதான் அவ சொன்னா. இவன் உடம்பு அதைச் சாப்பாட்டிலிருந்து போதியளவு எடுக்காதாம். பிறப்பிலேயே உள்ள பிழை, லட்சத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வராதாம். நாங்கள் இரண்டு பேரும் தெரியாமல் ஆளுக்குப் பாதி வைத்திருந்திருக்கிறோம். தாய்ப்பாலில் இருந்து மட்டும் அதை எடுத்துக்கொண்டிருந்தவன். அதை நான் நிப்பாட்டினேன். பிறகு பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிப்பாட்டி, இருந்த கொஞ்சத்தையும் இல்லாமல் செய்தோம். அழுதேன். "நீங்க ஒண்டும் பிழை விடல்ல, இது எங்களுக்கே லேசில பிடிபடாது" என்று சொன்னா. கொழும்பில் படிக்கும்போது இப்படி ஒரு பிள்ளையைத்தான் கண்டிருக்கிறாவாம்.

ரத்தம் கொழும்புக்குப் போகிறது. முடிவு வரச் சுணங்கும். அதுவரைக்கும் பிள்ளை தாங்கமாட்டான் என்று இன்றைக்கே குளிசை துவங்கிவிட்டா. வயிற்றோட்டத்துக்குக் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற அதே சிங்க் குளிசைதான்.

குணேஸ்வரி அக்கா பார்க்க வந்தவ. வெள்ளிக்கிழமை வெயிலைப் பற்றி நான் அவவைக் கேட்கவில்லை.

தேனுகா


18.1.2024

தேனு,

கையெழுத்து வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

நீ எழுதினதை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஜெயிலருக்கும் ஏற்கெனவே தெரியும்தானே, அவரே வந்து "சிங்க் வேலை செய்யுதோ?" என்று கேட்கிறார். மீன் பிடிக்கிறவன் வீட்டில் பிள்ளைக்கு மீனை மறித்து வைத்திருந்திருக்கிறோம், பார்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிசை வேலை செய்தால் நான் நல்ல தகப்பன். வேலை செய்யாவிட்டால்? அந்த டொக்டர் பிழையாக நினைத்திருந்தால்? பிறகு திரும்பவும் நான்தானே பிள்ளையை அவித்தவன்? உன் நம்பிக்கை இப்போது அந்தக் குளிசையில் தொங்குகிறது. நான் உன்னோடு இத்தனை வருசம் இருந்ததில் தொங்கவில்லை.

இப்படி எழுதக் கூடாது. பிள்ளை பிழைக்கட்டும். எனக்கு என்ன வந்தாலும் பிள்ளை பிழைக்கட்டும்.

அழுகிறானா இன்னும்?

லதீசன்


20.1.2024

மச்சான்,

சிரித்தான்.

தோல் இன்னும் புண்தான். ஆனால் டொக்டர் முதலே சொன்னவ, முதல் குணம்தான் மாறும், பிறகுதான் தோல் மாறும் என்று. நேற்று விடிய அழுகை நின்றது. அழுகை நின்றதும் நான் பயந்துபோய் மூக்கடியில் கை வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். இன்றைக்குத் தாதியின் கைமணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். அவ சேலைன் மாற்ற ஏலாமல் நிற்கிறா, இவன் சிரிக்கிறான். வயிற்றோட்டமும் அடங்கி வருகிறது. வாயோரம் காய்கிறது. உண்மையாகக் காய்கிறது.

டொக்டர் ஸல்ஹா நீதிமன்றத்துக்கு ரிப்போர்ட் எழுதிவிட்டா. இது எரிகாயம் இல்லை, வருத்தம், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே புதிதாகவும் வந்தது, மருந்துக்கு மாறுகிறது என்று. முதலில் பார்த்த டொக்டரும் கையெழுத்து வைத்திருக்கிறார். அவர் கட்டிலடிக்கு வந்தார். "எங்களுக்கு அப்பிடித்தான் பட்டது அம்மா, பட்டால் சொல்லத்தான் வேணும்" என்றார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. எனக்கும் அப்படித்தானே பட்டது.

நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். ஒரு நிமிசம் இல்லை, பல நாள். பிள்ளை அழும் ஒவ்வொரு தரமும் மனதுக்குள் உங்களைத் திட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை விட்டவுடன் நேரே இங்கே வாருங்கள்.

தேனு


27.1.2024
மூதூர்

தேனு,

நான் கடற்கரையில் அஸ்ஹானின் மீன்வாடியில் இருக்கிறேன். முந்தி ஒரு படகில் தொழில் செய்த அஸ்ஹான்தான். தேடாதே என்று சசிகரனிடம் சொல்லிவிட்டது கோபத்தில் இல்லை.

திங்கட்கிழமை நீதவான் விட்டார், வெளியே வந்தேன், சொன்னபடி நேரே வார்ட்டுக்கு வந்தேன். சவரம்கூடச் செய்யவில்லை. நீ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாய். என்னைக் கண்டதும் அவன் வீறிட்டான். தாடியைக் கண்டு பயந்திருப்பான், அது எனக்குப் பெரிதில்லை. நான் கையை நீட்டினேன். நீ பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாய். எனக்குத் தூரமான தோளுக்கு.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. உனக்கே தெரியாமல் செய்தாய். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை பிடித்துவிட்டு வீட்டில் இருந்திருப்பேன். தெரியாமல் செய்ததுதான் எனக்கு ஏலாது.

நாளைக்குப் பிள்ளை விழுவான். முழங்கால் தேயும். நெற்றி வீங்கும். ஒவ்வொன்றுக்கும் நீ முதலில் என் கையைப் பார்ப்பாய். நானும் உன் கண்ணைப் பார்ப்பேன். அப்படி ஒரு வீட்டில் எப்படி இருக்க?

தொழில் பரவாயில்லை. கடல் அடங்குகிறது. மருந்துச் செலவுக்குக் காசு சசிகரனிடம் கொடுத்துவிடுகிறேன்.

லதீசன்


8.2.2024
சாம்பல்தீவு

மச்சான்,

ஓம், தோளை மாற்றினேன். உங்கள் கடிதம் வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. இல்லையென்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன், எழுத ஏலவில்லை.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொழும்பிலிருந்து முடிவும் வந்துவிட்டது, டொக்டர் சொன்னதுதான். தோல் முழுக்க ஆறிவிட்டது. புண் இருந்த இடம் வெளிறிப்போய் இருக்கிறது, அதுவும் மாறுமாம். தலையில் பூனைமயிர் மாதிரி முளைக்கிறது. தத்தக்கா பித்தக்கா என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். மருந்து மட்டும் ஆயுளுக்கும் வேண்டும். நிப்பாட்டினால் எல்லாம் திரும்ப வரும். அவன் கலியாணம் கட்டினாலும் குடிக்கத்தான் வேண்டும் என்று டொக்டர் சிரிக்கிறா.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவேண்டும். லீவு முடிந்துவிட்டது. அம்மா வந்து நிற்கிறேன் என்றா. குணேஸ்வரி அக்காவும் கேட்டா. இரண்டு பேரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

எனக்கு முழு நம்பிக்கை வந்தபிறகு உங்களைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். அது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. உங்களைத் தூரத்தில் வைத்துக்கொண்டிருந்தால் வரவே வராது என்று மட்டும் தெரியும். ஆனபடியால் அது வராமலே கூப்பிடுகிறேன். உங்களுக்கு இது நோகும். பொய் எழுதினால் இன்னும் நோகும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். நீங்கள் வந்ததும் நான் பஸ்சுக்குப் போய்விடுவேன், பிள்ளை நித்திரையாக இருப்பான். வீட்டில் நீங்களும் அவனும்தான். எழும்பினதும் முதலில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், வெறும் வயிற்றில் குளிசை கொடுத்தால் சத்தி எடுப்பான். கரைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. துப்புவான். முழுக்க உள்ளே போகவேண்டும். பத்தியம் இல்லை, மீன் அவித்து முள் பார்த்துக் கொடுங்கள்.

வராவிட்டால் நான் வேலையை விடவேண்டும். அதற்காக எழுதவில்லை.

தேனு


12.2.2024
வீடு

தேனு,

நீ வருமட்டும் நிற்கத்தான் நினைத்தேன். அஸ்ஹான் ஓட்டோவோடு வந்து ஹோர்ன் அடிக்கிறான், இன்றைக்குக் கடலுக்குப் போகவேண்டும். உன் அம்மாவை ஒரு மணித்தியாலத்துக்குக் கூப்பிட்டு நிப்பாட்டியிருக்கிறேன், கோபிக்காதே. நேரில் கதைத்தால் இரண்டு பேரும் சண்டை பிடிப்போம், எழுதி வைத்துவிட்டுப் போவது நல்லது.

எழும்பினவுடன் என்னைக் கண்டு அழுதான். நான் தூக்கவில்லை. தரையில் இருந்துகொண்டு கரண்டியால் சட்டியைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் தானாகத் தவழ்ந்து வந்து கரண்டியைப் பறித்தான். அதோடு சரி.

சூடைமீன் அவித்துக் கொடுத்தேன், நன்றாகச் சாப்பிட்டான். பிறகு மருந்து. பாதியைத் துப்பினான். எவ்வளவு போனது என்று தெரியவில்லை. டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இன்றைக்கு விடுங்கள், நாளையிலிருந்து வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுங்கள் என்றா. அப்படிச் செய்வேன்.

கதிரையில் பிடித்து நடக்கும்போது விழுந்து நாடியில் அடிபட்டது. சின்னச் சிவப்பு. நீ வந்து பார்ப்பாய், அதனால் முதலே எழுதுகிறேன். விழுந்தது பத்து மணி போல். நீ வேலைக்குப் போகாமல் திரும்பி வந்து வேலிக்கு அங்கால நின்ற நேரம். விழுந்ததை நீயும் கண்டிருப்பாய். ஓடி வருவாய் என்று நினைத்தேன். வரவில்லை. நான் தூக்கி ஆற்றி முடியுமட்டும் நின்று பார்த்துவிட்டுப் போனாய்.

கண்டனான். கோபமில்லை. நாளைக்கும் ஏழு மணிக்கு வருவேன். நாளைக்கும் நீ பார்க்கவேண்டும் என்றால் கேற்றைத் திறந்து உள்ளே வந்து பார்.

லதீசன்